நாவல்பழக் கலருக்கு மூன்று கொட்டேஷன்

பூங்கோதைக்கு ஒரு பொருளைப் பார்த்தால் அது அழகா அசிங்கமா என்று தோன்றாது. எத்தனை கொட்டேஷன் வாங்கினார்கள் என்றுதான் தோன்றும். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். குண்டூசி ஆனாலும் ஏ.சி. ஆனாலும் மூன்று மூடிய கவர், மூன்று விலை, அதில் எது குறைவோ அதற்கு ஆர்டர். குறைந்த விலைக்காரருக்கு அங்கே எல்-ஒன் என்று பெயர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவள் வீட்டு மிக்ஸி எல்-ஒன், சோபா எல்-ஒன், மகள் கவிப்ரியாவின் காதுகுத்துக்குச் சமைக்க வந்தவர்கூட எல்-ஒன்தான். அவர் சாம்பாரில் உப்பே போடவில்லை என்பது வேறு விஷயம்.

ஊர் அருப்புக்கோட்டை. இருபத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி வேலை கிடைத்து, ஒரு தகரப் பெட்டியோடு டெல்லி ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது அவளுக்கு இந்தியில் தெரிந்தது மொத்தம் நான்கு வார்த்தை. ஆறே மாதத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காரரிடம் சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். இப்போது ஐம்பத்து நான்கு வயது, செக்‌ஷன் ஆபீசர். அவள் கையெழுத்து இல்லாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு மின்விசிறி சுற்றாது. நேர்மையானவள், கெட்டிக்காரி, கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரி.

அவள் கணவர் ஜெகன் பொதுத்துறை மின்சார நிறுவனம் ஒன்றில் மின்கோபுரம் நட்ட இன்ஜினியர். காட்டிலும் மேட்டிலும் இருபது வருஷம், மீதி வருஷம் டெல்லி ஆபீசில். உயரமான மனிதர், மெல்லிய குரல். எதைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்பார். தோசை கருகினாலும் பரவாயில்ல, பிரமோஷன் தள்ளிப் போனாலும் பரவாயில்ல. இப்படி ஒருவர் புருஷனாக வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று பூங்கோதை இருபத்தெட்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய்யும் இல்லை.

செப்டம்பரில் ஜெகன் ரிட்டயர் ஆனார். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து மனிதர் சோபாவில் உட்கார்ந்தார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார், பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தார். சாயங்காலம் பூங்கோதை ஆபீஸிலிருந்து வரும்போதும் அதே சோபா, அதே மூலை. மூன்று மாதத்தில் அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று அணைந்துபோனது. அவளுக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது.

ஜனவரியில் ஒரு நாள் ஜெகன் ஒரு பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மயூர் விஹாரில் யாரோ விற்றது. ஐந்து வருஷம் ஓடிய வெள்ளை டீசல் பிக்கப். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. கொட்டேஷன் இல்லை, ஆலோசனை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. பூங்கோதை பால்கனியிலிருந்து பார்த்தாள்.

"என்னங்க இது? டெல்லியில டீசல் வண்டியப் பத்து வருஷந்தானே ஓட்ட விடுவாங்க. பாதி ஆயுசு போச்சே."

"மீதிப் பாதி இருக்குல்ல," என்றார் ஜெகன். "சைட்டுல இருபது வருஷம் யாரோ ஓட்டுன பிக்கப்ல பக்கத்துல உக்காந்து போனேன் கோதை. ஒரு தடவை நானே ஓட்டணும்னு இருந்துச்சு."

அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று இருந்ததையே அவள் அப்போதுதான் முதல் தடவை கேட்கிறாள். விலை என்னவென்றுகூடக் கேட்கவில்லை.

அதன் பிறகு ஜெகனைச் சோபாவில் பார்க்க முடியவில்லை. காலையில் மெட்ரோ பிடித்துக் கரோல் பாக் போய்விடுவார். கார் சாமான் விற்கும் சந்துகளில் அலைந்து ஏதாவது ஒன்றோடு வருவார். முதலில் சேற்றிலும் கல்லிலும் ஓடுகிற முரட்டு டயர். பிறகு ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி. பிறகு தொட்டிக்குள் கீறல் விழாமல் இருக்க ரப்பர் விரிப்பு. பிறகு கூரைமேல் சாமான் கட்டும் கம்பிச் சட்டம். முன்னால் பெரிய இரும்புத் தடுப்பு மாட்டவும் ஆசைப்பட்டார். அது சட்டப்படி தப்பு என்று பூங்கோதை ஒரே வரியில் நிராகரித்தாள். மற்றதெல்லாம் சிறு செலவினம் என்று விட்டுவிட்டாள். ராத்திரி சாப்பாட்டின்போது அவர் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசுவதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பாதி புரியாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் மாதம் கலர் விஷயம் வந்தது. பெயிண்ட் அடிப்பதில்லை, வண்டி முழுக்க ஒரு மெல்லிய ஃபிலிமை ஒட்டுவது. ராப் என்று பெயர். கரோல் பாக்கில் ஜஸ்பீர் சிங் என்ற சர்தார்ஜி அதில் கைதேர்ந்தவர். ஜெகன் அவர் கடையில் பத்து நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்திருக்கிறார். ஒரு சாம்பிள் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சாப்பாட்டு மேஜையில் அதை எடுத்து வைத்தார். நன்றாகப் பழுத்த நாவல்பழத்தின் நிறம், வெளிச்சத்தில் சாய்த்தால் உள்ளே ஒரு சிவப்பு ஓடியது.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்கே. எத்தனை கொட்டேஷன் வாங்குனீங்க?"

"கொட்டேஷனா? ஜஸ்பீர்கிட்டதான் கேட்டேன். நல்லாப் பண்றான்."

"ஒரே ஒரு ஆளா?" பூங்கோதை கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஆளு சொன்னதுதான் விலையா? இதை என்கிட்ட விட்டுருங்க. நான் பாத்துக்கிறேன்."

ஜெகன் சாம்பிள் துண்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சரி, பரவாயில்ல," என்றார்.

பாவம், அவள் அன்பாகத்தான் செய்தாள். அவருக்குப் பிடித்த ஒரே ஒரு காரியம், அதைத் தனக்குத் தெரிந்த ஒரே ஒரு வழியில் ஒழுங்காகச் செய்து கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். மூன்று கடைக்குப் போனாள். மூன்று மூடிய கவர் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் டெண்டர் திறப்பு. குருகிராமிலிருந்து கவிப்ரியா கமிட்டி உறுப்பினராக வீடியோவில் வந்தாள்.

"அம்மா, ஜல்தி ஓபன் பண்ணு, எனக்கு ஜிம் இருக்கு."

ஜஸ்பீரின் விலைதான் அதிகம். இன்னொரு கடையின் விலை அதில் பாதி. அதே நாவல்பழக் கலர், இரண்டு வருஷ உத்தரவாதம், மூன்றே நாளில் வேலை முடியும். பூங்கோதை வெற்றிப் புன்னகையோடு கவரை உயர்த்திக் காட்டினாள். ஜெகன் மட்டும், "ஃபிலிம் என்ன ரகம்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார். ஃபிலிம் என்றால் ஃபிலிம், அதில் என்ன ரகம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்று நாளில் வண்டி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கலர் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதற்கும் பூங்கோதையே அரை நாள் லீவு போட்டு அலைந்து ஒழுங்காகப் பதிவு செய்தாள். ஜெகன் அந்த வண்டியில் லோதி ரோடுவரை போய் முறுக்கு வாங்கிவருவார், ஒன்றும் வாங்காமலும் போய்வருவார். காலனியில் ஆட்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். ஏப்ரல் முழுக்க மனிதர் ஓர் அங்குலம் உயரமாகவே நடந்தார்.

மே மாதம் வந்தது. டெல்லி மே மாதத்தைப் பற்றி டெல்லியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நாற்பத்தாறு டிகிரி. முதலில் பானெட்டில் ஒரு சின்னக் கொப்பளம் வந்தது. ஜெகன் விரலால் அழுத்திப் பார்த்தார். அடுத்த வாரம் பானெட் முழுக்க அப்பளம் பொரிந்ததுபோல் உப்பிக்கொண்டது. கதவு ஓரங்களில் ஃபிலிம் சுருண்டு நீட்டிக்கொண்டு நின்றது. கூரையில் நாவல்பழம் வெளுத்து வதங்கிய கத்தரிக்காய் ஆகிவிட்டது. ஓர் ஓரத்தை இழுத்துப் பார்த்தபோது அடியிலிருந்த வெள்ளை பெயிண்டும் ஒரு துண்டு கூடவே வந்தது.

பூங்கோதை கடைக்காரனிடம் போய் நின்றாள். தேதி, நம்பர், உத்தரவாத ஷரத்து எல்லாம் போட்டு நோட்டீஸ் கொண்டுபோயிருந்தாள். அவன் அதை விசிறியாக மடித்து வீசிக்கொண்டே, "மேடம்ஜி, மே மாசத்துல நானே உப்பிப்போறேன், ஃபிலிம் என்ன பண்ணும்?" என்றான். அன்று இரவு அவள் இணையத்தில் தேடிப் படித்தாள். ஃபிலிமில் ரகம் இருக்கிறது. வெயில் தாங்குவது ஒன்று, சுவரிலும் போர்டிலும் ஒட்டுகிற மட்டமான ரகம் ஒன்று. டெண்டர் விடுவதற்கு முன் பொருளின் ரகத்தை எழுத வேண்டும் என்பது கொள்முதலில் அரிச்சுவடி. ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அதைத் தன் வீட்டில், தன் புருஷன் வண்டிக்கு எழுதவில்லை. அவர் கேட்டார், அவள் வாயை அடைத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது.

"பரவாயில்ல, வெயில் ஜாஸ்தி," என்றார் ஜெகன்.

அவ்வளவுதான். வண்டியைக் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்தி உறை போட்டு மூடினார். கரோல் பாக் போவது நின்றது. ஒரு சாயங்காலம் பூங்கோதை கதவைத் திறந்தபோது அவர் பழையபடி சோபாவின் அதே மூலையில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடியில் இருந்தது, படிக்கக்கூட இல்லை. வண்டி போனால் போகட்டும்; இந்த மனிதர் திரும்ப அந்த மூலைக்குப் போய்விட்டால் இனி எதைச் சொல்லி எழுப்புவது? போன தடவை அவராக எழுந்தார். எழுந்து நின்ற அந்தக் கால்களையும் இப்போது அவளே தட்டிவிட்டிருக்கிறாள்.

அவள் என்ன செய்வாள், தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தாள். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒரு முழுத்தாளில் குறிப்பு எழுதி அவர் முன்னால் வைத்தாள். நடந்த தவறு, பொறுப்பு யாருடையது, இனி செய்யக்கூடியது. கடைசியில் மூன்று முன்மொழிவு: அ, ஆ, இ. ஆ-வுக்கு எதிரே தானே ஒரு டிக் போட்டு, 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தாள்.

ஜெகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். அந்த டிக்கில் வந்ததும் நின்றார். அவருடைய காது மடல் சிவப்பதைப் பூங்கோதை பார்த்தாள்.

"டிக்கையும் நீயே போட்டுட்டியா?"

"இல்லைங்க, உங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு..."

"சுலபமா!" தாளை மேஜைமேல் அறைந்தார். அந்தக் குரல் அவர் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று பூங்கோதை திடுக்கிட்டாள். "இருபத்தெட்டு வருஷமா எனக்கு எல்லாத்தையும் சுலபமாக்கிக் குடுத்துட்டே கோதை. கேப்பே. ஜெகன், சோபா எப்பிடி வேணும்னு கேப்பே. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீயே பதிலும் சொல்லிருவே. என் மூக்குக்கண்ணாடி ஃபிரேமக்கூட நீதான் எடுத்தே. கண்ணு என்னுது!"

"நல்லதுன்னு நெனச்சுத்தானே..."

"நல்லதுதான்! எல்லாமே நல்லதாத்தான் இருந்துச்சு, அதனாலதான் நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒண்ணே ஒண்ணு, நானாப் போயி, பத்து நாள் உக்காந்து பாத்து, எனக்கு வேணும்னு கேட்டேன். அதையும் கவர்ல போட்டு ஒட்டிட்டே. இந்த வண்டிக்கு இன்னும் அஞ்சு வருஷந்தான். எனக்கும் இனிமே எத்தனை வருஷமோ. பரவாயில்ல இல்ல கோதை. எனக்கு இது பரவாயில்ல இல்ல!"

பூங்கோதை அழுதுவிட்டாள். ஆபீசில் ஆடிட்டர்கள் வந்து ஆடியபோதுகூட அழாதவள். "தப்பு என்னுதுதாங்க," என்றாள். "ரகம் என்னன்னு நீங்க கேட்டீங்க. நான் காதுலயே போட்டுக்கல. மன்னிச்சிருங்க." சொல்லிவிட்டுக் குறிப்பைக் கிழித்தாள். அழுகையோடு அழுகையாக ஒரு பெரிய நிம்மதியும் வந்தது. அதை அவரிடம் சொன்னால் அடி விழுந்தாலும் விழும் என்று சொல்லவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்த அந்த அணைந்த மனிதருக்கு இத்தனை கோபம் வருமா? கோபம் வருகிறது என்றால் ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

ஜெகன், கவிப்ரியா விட்டுப்போன ஹேர் டிரையரை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே போனார். பூங்கோதை முகத்தைக் கழுவிக்கொண்டு அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது வண்டியின் உறை கழன்று கிடந்தது. வாட்ச்மேன் அறையிலிருந்து வயர் இழுத்து, ஒரு கையால் சூடு காட்டி, மறு கையால் ஃபிலிமை உரித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் போகாமல் உரிக்க வேண்டும் என்றால் அங்குலம் அங்குலமாகத்தான் போக வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே டிரையரை நீட்டினார்.

"புடி. அப்பிடி இல்ல, சாச்சு. இன்னும் தள்ளி."

சாய்த்துப் பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள். சிறு ஓரங்களைக் கடைசியில் மொத்தமாக உரித்தால் நேரம் மிச்சமாகும் என்று அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது முழுசாக உரிக்க. மூன்றாவது ஞாயிறன்றுதான் அவர் பழையபடி அவளிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசினார். ஜஸ்பீர் வண்டியில் கத்தியே படாமல், அடியில் வைத்த நூலை இழுத்தே ஃபிலிமை வெட்டுவார் என்று விளக்கினார். டிரையரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றதில் அவள் கை கடுத்தது. சந்தோஷமாக இருந்தது.

ஜூலை நடுவில் ஒரு திங்கட்கிழமை ஜெகன் சாவியை எடுத்தார். "ஜஸ்பீர்கிட்ட விடப்போறேன். நீ வராதே. போனும் பண்ணாதே."

"என்ன விலை சொன்..." என்று ஆரம்பித்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்க," என்று முடித்தாள்.

ஆறு நாள் ஆனது. பூங்கோதை அந்த வாரம் முழுக்க ஆபீசில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாள். ஜஸ்பீர் கடை நம்பர் அவள் போனில் இருந்தது. இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் வைத்துவிட்டாள். அவரைக் கேட்கலாம் என்றால், தினமும் கிரீஸ் வாசனையோடு வந்து, சாப்பிட்டு, கலரைப் பற்றி மூச்சே விடாமல் தூங்கிவிடுவார். நாவல்பழத்தில் அந்தச் சிவப்பு சரியாக வந்திருக்குமா என்று அவள் படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கீழே ஹாரன் அடித்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் லிப்டில் இறங்கி ஓடினாள்.

வண்டி பச்சை. கிளிப்பச்சை. கண் கூசுகிற, எங்கும் ஒளிக்க முடியாத பச்சை. கூரையும் கம்பிச் சட்டமும் கறுப்பு. ஒரு கொப்பளம் இல்லை, ஓர் ஓரம் தூக்கவில்லை. பிறந்ததிலிருந்தே அந்தத் தோல்தான் என்பதுபோல இழைந்திருந்தது. ஜெகன் கதவில் சாய்ந்து நின்றார். அறுபது வயது மனிதர் முகத்தில் இப்படி ஒரு திருட்டுச் சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

"நாவல்பழம் என்னாச்சு?"

"கடையில போயி நின்னேன். இது கண்ணுல பட்டுச்சு. மாத்திட்டேன். எப்பிடி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் இத்தனைக்குப் பிறகு அவரிடம் பூசி மெழுகக் கூடாது என்று பட்டது. "எனக்குச் சத்தியமாப் பிடிக்கலைங்க," என்றாள். "ஆட்டோ மாதிரி இருக்கு."

ஜெகன் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வண்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். "ஆமா கோதை, ஆட்டோ மாதிரிதான் இருக்கு! எனக்குப் பிடிச்சிருக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏறு. காத்து வாங்கிட்டு வருவோம்."

மறுபடியும் ஆர்.சி.யில் கலர் மாற்ற அரை நாள் லீவு போட வேண்டும். அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சேலையைத் தூக்கிப் பிடித்து, பக்கப்படியில் கால் வைத்து ஏறினாள். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. காலனி வாசலில் ஜெகன் எய்ம்ஸ் பக்கமாகத் திருப்பினார். சனிக்கிழமை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் போனால் நகர முடியாது, பாராபுல்லா மேம்பாலம் வழியாகப் போயிருக்க வேண்டும். முப்பது வருஷமாக அந்தச் சாலையில் ஆபீஸ் போய்வருகிறவளுக்கு அது தெரியாதா? உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

ரிங் ரோட்டில் போய் அப்படியே மாட்டினார்கள். முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் ஆட்டோ. இருபது நிமிஷம் வண்டி ஓர் அடி நகரவில்லை. ஜெகன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். பிறகு கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"பாராபுல்லா வழியாப் போயிருக்கணுமோ?"

"தெரியலைங்களே," என்றாள் பூங்கோதை.